ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது

சேஷசிகரா டவுன்ஷிப், சி பிளாக்,
திருப்பதி.
18 செப்டம்பர் 2025

சம்பந்தி செங்கம்மாவுக்கு யசோதா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் ஜெயிலில் இருப்பவரிடம் நலமா என்று கேட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்களும் உங்கள் நல்லாங்கண்டிகைப் பெண்கள் ஐந்து பேரும் எங்கள் டவுன்ஷிப்பின் கழிவுநீர்க் குழாயை மணல் மூட்டையும் சிமெண்டும் போட்டு அடைத்தீர்கள். மறுநாள் விடிந்தபோது மூன்று பிளாக்கிலும் கார் நிறுத்தும் இடமெல்லாம் சாக்கடை. என் ஸ்கூட்டர் அதில் பாதி மூழ்கி நின்றது. ஏ பிளாக்கில் கீழ் வீட்டுக்காரர்கள் மகள் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனார்கள். குளியலறைத் துவாரம் வழியாக வீட்டுக்குள்ளேயே பொங்கிவிட்டதாம். சாயங்காலம் கம்பெனி ஆட்கள் அடைப்பை உடைத்துத் திறந்துவிட்ட பிறகுதான் வடிந்தது.

சங்கத் தலைவர் நாராயணசாமி லிஃப்டில் என்னைப் பார்த்து, "டீச்சர், அந்தம்மா உங்க சம்பந்தியாமே?" என்றார். ஆமாம் என்றேன். உடனே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். லிஃப்டில் எந்த நாற்றமும் இல்லை.

நகரி அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்று, கணவரையும் இழந்து, கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று இந்த வீட்டை வாங்கினேன். உங்கள் மகன் யஸ்வந்தும் வேலைக்குப் பக்கம் என்று என் மகள் ஸ்ரீதேவியோடு என்னிடமே இருக்கிறார். இப்போது அவர் லிஃப்டில் ஏறுவதில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாமென்று படி வழியாக இறங்கிப் போகிறார்.

நீங்கள் காவலாளியைக் கல்லால் அடித்ததாகவும் கம்பெனி புகாரில் எழுதியிருக்கிறது. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் சிமெண்ட் குழைத்தது நீங்கள்தான். போட்டோ இருக்கிறது.

கோர்ட் ஜாமீன் கொடுத்துவிட்டது. கேஸ் முடியும்வரை டவுன்ஷிப் மதிலுக்கு அரை கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் போட மாட்டேன் என்று சித்தூர் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். ஐப்பசியில் ஸ்ரீதேவிக்கு வளைகாப்பு. மாமியார் உள்ளே இருந்தால் வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது?

ஜெயில் போனில் என்னோடு பேச மாட்டேன் என்று யஸ்வந்திடம் சொன்னீர்களாம். அதனால் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

யசோதா


சித்தூர்.
29 செப்டம்பர் 2025

டீச்சரம்மாவுக்கு செங்கம்மா எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் சில நாள் இங்கே ஆபீசிலேயே கிடந்தது. யாராவது படித்துப் பார்த்த பிறகுதான் எங்களிடம் கொடுப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவள் குடிபாலாவிலிருந்து வரும் பரணி என்ற வார்டரம்மா ஒருத்திதான். அவள் லீவு முடிந்து வந்து படித்துவிட்டு, "இன்னாக்கா, உன் சம்பந்தி டீச்சரா? திட்டறதுல கூட ஒரு பிழை இல்ல" என்றாள்.

போனில் பேச மாட்டேன் என்றது உண்மைதான். போனில் நீங்கள் அழுவீர்கள். நான் இளகிவிடுவேன்.

உங்கள் ஸ்கூட்டரை மூழ்கடித்தது என்ன டீச்சரம்மா? நல்லாங்கண்டிகையிலிருந்து எதையாவது அள்ளிவந்து கொட்டினோமா? உங்களுடையதுதான் உங்களிடம் திரும்பி வந்தது. ஒருநாள் வந்ததற்கே லாட்ஜுக்குப் போகிறீர்கள். எங்கள் ஓடையில் இரண்டு வருஷமாக அதுதான் ஓடுகிறது. நாங்கள் எந்த லாட்ஜுக்குப் போவது? போன போகத்தில் நெல் இடுப்புக்கு மேல் கருகருவென்று வளர்ந்து, கதிர் பிடிக்காமல் படுத்துவிட்டது. மாட்டுக்கு மடி வீங்குகிறது. ஓடையில் துணி துவைத்த பெண்களுக்குக் கையெல்லாம் சிரங்கு.

நீங்கள் அங்கே வீடு வாங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி அனுமதி கேட்டபோது அதிகாரிகள் இடம் பார்க்க வந்தார்கள். ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டார்கள். ஏரிவரைக்கும் அவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டியவள் நான். அதில் வயதான ஒருவர் சொன்னார்: "பயப்படாதேம்மா. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் பர்மிஷன் கொடுப்போம்." சொன்னபடியே போட்டார்கள். அந்தக் காகிதம் உங்கள் கேட்டருகே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. கழிவுநீரை உள்ளேயே சுத்தம் செய்து செடிக்கும் கக்கூசுக்கும் விட வேண்டும். ஓடையை மூடாமல் அப்படியே விட வேண்டும்.

கம்பெனி என்ன செய்தது? நாங்கள் கேட்டுக்குப் போகும்போதெல்லாம் "சார் லேரு, ரேப்பு ரண்டி" என்றார்கள். சார் இல்லை, நாளைக்கு வா என்று சொன்னால் நாளைக்கும் போவோம். எத்தனை நாளைக்குத்தான் நாளை வரும்? ஒருநாள் சிமெண்ட் வாங்கினோம்.

ஜாமீன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஐந்து பேருக்கும் நிலம் ஊருக்கு மறுபக்கம். எங்கள் கழனி உங்கள் மதிலை ஒட்டி இருப்பது உங்களுக்கே தெரியும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு நான் எப்படி நாற்று நடுவேன்? என் வீட்டுக்காரர், உங்கள் அண்ணன் முனிரத்தினம், தனியாளாக என்ன செய்வார்? கம்பெனிக்கும் நிபந்தனை போட்டார்கள், எனக்கும் போட்டிருக்கிறார்கள். அது மீறினால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நான் மீறினால் மறுபடி ஜீப் வரும். காப்பாற்ற முடியாத வார்த்தைக்குக் கையெழுத்துப் போடும் பழக்கம் கம்பெனிக்கு இருக்கலாம், எனக்கு இல்லை.

வளைகாப்பைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் வளையலை நீங்களே போடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் டவுன்ஷிப்புக்குள் சாக்கடையைச் சுத்தம் செய்யும் மெஷின் இருக்கிறதாமே. அது ஓடுகிறதா என்று ஒருநாளாவது போய்ப் பார்த்ததுண்டா?

செங்கம்மா


திருப்பதி.
9 அக்டோபர் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

போய்ப் பார்த்தேன். உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் போனேன்.

குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்குப் பின்னால், கொடி படர்ந்த வேலிக்குள் இருக்கிறது. நாங்கள் அதைப் பிளான்ட் என்போம். செக்யூரிட்டிக்காரர் ஓடிவந்து, "மேடம், அங்க யாரும் போகக் கூடாது, கரண்ட் கீது" என்றார். கரண்ட் இருந்தால் சத்தம் கேட்குமே அப்பா என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தள்ளிப்போனார்.

கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். மோட்டார்களின் மேல் விநாயகர் சதுர்த்திப் பந்தலின் கட்டைகளையும் மடித்த ஷாமியானாவையும் அடுக்கியிருந்தார்கள். வெளியே இரண்டு தொட்டிகள். இரண்டும் காய்ந்து கிடந்தன. ஒன்றுக்குள் ஒரு பப்பாளி மரம் என் உயரத்துக்கு வளர்ந்து காய் பிடித்திருந்தது. பிளாக்குகளிலிருந்து வரும் குழாய் தொட்டிக்குள் போகவே இல்லை. அதிலிருந்து ஒரு குழாய் பிரிந்து நேராக மதிலுக்குள் நுழைகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கழனி.

திரும்பும்போது அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று காகிதத்தைப் படித்தேன். ஆங்கிலம்தான், எனக்குப் புரிகிற ஆங்கிலம். தினமும் அதன் முன்னால் நின்றுதான் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. ஓடை பற்றியும் இருக்கிறது. இங்கே ஓடை எங்கே இருக்கிறது என்று தேடினேன். நாங்கள் காலையில் நடக்கப் போகும் கான்கிரீட் பாதைக்கு அடியில் இருக்கிறதாம். இத்தனை நாளும் ஓடையின் மேல் நடந்திருக்கிறேன்.

நாராயணசாமியிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "டீச்சர், இது வெளியில தெரிஞ்சா ஃபிளாட்டுங்க விலை போயிடும். உங்க வீடும்தான். நீங்க ஒண்ணும் பாக்கல, சரியா?" நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இதை உங்களுக்கு எழுதியிருக்கவே வேண்டியதில்லை.

இருந்தாலும் நீங்கள் அடைத்தது தவறு. கீழ் வீட்டுக் கல்யாணப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்? புகார் எழுதலாம், பெரிய அதிகாரிகளைப் பார்க்கலாம். எத்தனையோ வழி இருக்கிறது. ஸ்ரீதேவிக்குக் கால் வீங்குகிறது. அத்தை எப்போது வருவார் என்று கேட்கிறாள். பிடிவாதத்தை விட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யசோதா


சித்தூர்.
17 அக்டோபர் 2025

டீச்சரம்மாவுக்கு,

தலையாட்டிவிட்டு வந்தேன் என்ற இடத்தில் உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

யஸ்வந்த் வந்திருந்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா, ஊரே உன்ன வெச்சி வேடிக்கை பாத்துக்கினு கீது. ஒரு கையெழுத்து போட்டுட்டு வாயேன்" என்றான்.

"ஏன்டா, உன் புள்ள பொறந்து நடக்கச் சொல்லோ அந்த ஓடையில எறக்குவியா?" என்று கேட்டேன்.

"என் புள்ளைக்கு டவுன்ஷிப்புல ஸ்விம்மிங் பூல் கீதும்மா" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. யோசிக்காமல் சொன்னான், சொன்ன பிறகு அவன் முகமே மாறிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பரணி தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "துன்னுக்கா, பட்டினி கெடந்தா கம்பெனிக்காரனுக்கா வயிறு வலிக்கும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

என் கழனிக்கு நான் போக வேண்டும், அதனால் நிபந்தனையை மாற்றுங்கள் என்று வக்கீல் மனு போட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, எங்கள் பிளான்ட் இரவு பகலாக ஓடுகிறது, ஒரு சொட்டும் வெளியே போவதில்லை, இந்தப் பெண் வேண்டுமென்றே வம்பு செய்தாள், அங்கே விட்டால் மறுபடி செய்வாள் என்றாராம். அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ஜட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே குடியிருக்கும் அத்தனை பேரில் ஒருவர்கூட அது பொய் என்று சொல்லாதபோது அவர் என்ன செய்வார்?

புகார் எழுதலாம் என்கிறீர்கள். எழுதினோம். நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழிலும் எழுதினோம், மனு எழுதுகிறவரைப் பிடித்துத் தெலுங்கிலும் எழுதினோம். அந்தக் கல்யாணப் பெண்ணை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். அதற்காக அன்றைக்கு மூட்டை வைக்காமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், இல்லை.

நீங்கள் பார்த்ததை வெளியே சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். அங்கே குடியிருக்க வேண்டியவர் நீங்கள். ஆனால் இனிமேல் எனக்குக் கையெழுத்துப் போடு என்று எழுதாதீர்கள். தொட்டிக்குள் பப்பாளியைப் பார்த்துவிட்டு வந்தவர் அப்படி எழுதக் கூடாது.

செங்கம்மா


திருப்பதி.
6 நவம்பர் 2025

செங்கம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தின் கடைசி வரி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அதன் பிறகு எழுத நேரமில்லை.

தீபாவளி முடிந்த வாரம் சங்கக் கூட்டம். தரைத்தளத்தைக் கழுவிய செலவை நல்லாங்கண்டிகைக்காரர்களிடம் எப்படி வசூலிப்பது என்பதுதான் பேச்சு. நாராயணசாமி மைக்கில் பேசி முடித்ததும் நான் கையைத் தூக்கினேன். மைக்கைக் கொடுத்தார். வளைகாப்புக்கு ஹால் கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"அந்த பிளான்ட் ஓடல. நான் போய்ப் பாத்தேன். தொட்டிக்குள்ள பப்பாளி மரம் வளந்திருக்கு" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பி பிளாக்கில் பலமனேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். "டீச்சர் அவங்க சம்பந்திக்காகப் பேசறாங்க" என்று கத்தினார்.

"ஆமா, என் சம்பந்திக்காகத்தான் பேசறேன். பப்பாளி மரம் யாருக்கும் சம்பந்தி இல்லையே. எழுந்து வாங்க, போய்ப் பாக்கலாம்" என்றேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கத்தியவளுக்கு மைக் எதற்கு? கண்ணாடிப் பெட்டிக் காகிதத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வீட்டு விலை என்ன ஆகும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போது ஸ்ரீதேவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "அடைச்சது எங்க அத்தைதான். அது தப்புன்னு ஜெயில்ல வெச்சிருக்காங்க. தெறந்து விட்ட நம்மள எங்க வெக்கறது?" என்றாள்.

பிறகு ஏ பிளாக்கில் இருக்கும் டெபோரா எழுந்து செருப்பை மாட்டினாள். சித்தூர்ப் பெண், நர்ஸ். அவள் பின்னால் ஒரு இருபது பேர் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அதிகாரிகளுக்கு நான் எழுதிய புகாரில் பார்த்தவர்களிலும் எல்லோரும் கையெழுத்துப் போடவில்லை. எட்டு வீடுதான் போட்டது.

அதிகாரிகள் வரும் நாளுக்கு முன்பே கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே நாளில் பப்பாளியை வெட்டினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், போர்த் தண்ணீரை விட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். நேற்று முன்தினம் அதிகாரிகள் வந்தபோது மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. ரூபா என்று ஒரு இளம் அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். மேனேஜர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் மதிலுக்கு அந்தப் பக்கம் வர்றீங்களா?" என்றேன்.

"அங்க சேறு மேடம், பாம்பு இருக்கும்" என்றார் மேனேஜர்.

"அந்தத் தண்ணியில பாம்பு உசுரோட இருந்தா அதையும் எழுதிக்கட்டும்" என்றேன்.

ரூபா பேனாவை மூடிவிட்டு என்னோடு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உங்கள் வரப்பில் நடந்தேன். உங்கள் வீட்டுக்காரர் அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். மதிலுக்கு மேலே மோட்டார் சத்தம் கேட்கிறது, கீழே குழாயில் கறுப்பாகக் கொட்டுகிறது. மேனேஜர் கூசாமல், "இது எங்களுது இல்ல, வேற எங்கிருந்தோ வருது" என்றார்.

அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். மாணவர்களிடம் கேட்காத பொய்யா? டெபோராவுக்குப் போன் போட்டு, "ஊத்துங்க" என்றேன். தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்புக் கோலப்பொடியை வாளி வாளியாகக் கரைத்துவைத்துக்கொண்டு எட்டு வீட்டுப் பெண்களும் காத்திருந்தார்கள். மூன்று பிளாக்கிலும் ஒரே நேரத்தில் கக்கூசில் ஊற்றினார்கள். நாங்கள் வரப்பில் நின்றோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது என்று நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது, செங்கம்மா. முதலில் லேசாக, பிறகு நன்றாகச் சிவப்பாக, உங்கள் கழனி வாய்க்கால் முழுக்க. உங்கள் ஊர்ப் பெண்கள் கரையில் நின்று கையைத் தட்டினார்கள்.

ரூபா, "பாட்டில் எடுங்க" என்றார். கூட வந்தவர் குழாய்க்குக் கீழே இறங்கத் தயங்கினார். அப்போது யஸ்வந்த் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் வரை அதில் இறங்கினார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், எனக்கே தெரியாது. ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பி மேலே கொடுத்தார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் குளித்தார். சாப்பிடும்போது, "அத்த, எங்கம்மா டெய்லி இதுலதான் நின்னாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டு வீட்டுக்காரர்களும் நாங்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்கள் வக்கீலிடம் கொடுத்துவிட்டோம். கையெழுத்துப் போடாதீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

யசோதா


சித்தூர்.
19 நவம்பர் 2025

யசோதாம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை பரணி ஆபீசில் படிக்காமல் இங்கேயே கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். கோலப்பொடி வந்த இடத்தில் நிறுத்தி, தெலுங்கில் ஒருதரம் சொன்னாள். உள்ளே இருக்கும் பெண்கள் அதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஏர்பேட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள். வந்ததிலிருந்து யாரோடும் பேசாதவள், அன்றைக்குச் சிரித்தாள்.

வளைகாப்பு பற்றி உங்கள் அண்ணன் வந்து சொன்னார். சங்கம் ஹால் கொடுக்காததால் நல்லாங்கண்டிகையில் எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டீர்களாம். டவுன்ஷிப்பிலிருந்து எட்டு வீட்டுப் பெண்களும் வந்தார்களாம். தண்ணீரைத் தயங்கித் தயங்கிக் குடித்தார்களாம். அவர்களுக்கென்று கேன் தண்ணீர் வாங்கி வைக்கவா என்று என்னோடு மூட்டை வைத்த செல்வி கேட்டதற்கு, "வேணாம், இந்த ஊருக்காரங்க குடிக்கறதையே அவங்களும் குடிக்கட்டும்" என்றீர்களாம். இது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் சிரித்தேன். நான் அங்கே இல்லாதது எனக்கு வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

நேற்று கோர்ட்டில் அந்த அரை கிலோமீட்டர் நிபந்தனையை எங்கள் ஆறு பேருக்கும் எடுத்துவிட்டார்கள். என் கழனிக்கு நான் போகலாம். கேஸ் நடக்கும், வாய்தாவுக்குத் தவறாமல் வர வேண்டும். இது என்னால் முடிகிற காரியம். கையெழுத்துப் போட்டேன். காகிதம் வந்து சேர்ந்ததும் விட்டுவிடுவார்கள்.

செங்கம்மா


திருப்பதி.
30 நவம்பர் 2025

செங்கம்மாவுக்கு,

நீங்கள் வீட்டுக்கு வந்ததும் ஓடிவர நினைத்தேன். ஸ்ரீதேவியை விட்டு நகர முடியவில்லை. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே நிலைமை இதுதான். பிளான்ட் ஒழுங்காக ஓடும்வரை இப்போது கட்டும் புது பிளாக்கில் ஒருவரையும் குடியேற்றக் கூடாது, மதிலுக்கு வெளியே போகும் குழாயை மூட வேண்டும், ஓடையின் மேல் போட்ட கான்கிரீட்டை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. போன வாரம் கம்பெனி ஆட்களே வந்து குழாயை மூடினார்கள். நீங்கள் மூட்டை வைத்த அதே வாயில்தான். நீங்கள் மணல் வைத்தீர்கள், அவர்கள் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். உங்கள் மேல் கேஸ், அவர்கள் மேல் பாராட்டு. மேனேஜர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிளான்ட் தயாராகும்வரை லாரி வைத்துத்தான் கழிவை எடுக்கிறார்கள். லாரி வராத நாளில் தரைத்தளத்தில் நிற்கிறது. அதற்கெல்லாம் நான்தான் காரணம் என்கிறார்கள். யாரோ என் கதவில், "ஊருக்கே போ" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊருக்கே என்பதை ஊறுக்கே என்று போட்டிருந்தது. றகரத்தை அடித்து ரகரமாகத் திருத்தி, அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

வீட்டை விற்றுவிடலாமா என்று யஸ்வந்த் கேட்டார். மாட்டேன் என்றேன்.

யசோதா


நல்லாங்கண்டிகை.
9 டிசம்பர் 2025

யசோதாம்மாவுக்கு,

வீட்டுக்கு வந்த பிறகும் என்ன கடிதம் என்பீர்கள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். இதை முழுதாகக் கேட்க வேண்டும்.

கம்பெனி மேனேஜர் நேற்று வீட்டுக்கு வந்தார். பழத்தட்டோடு வந்தார். கேஸை இரு தரப்பும் சமாதானமாக முடித்துக்கொள்ளலாமாம். நாங்களும் தவறு செய்யவில்லை, நீங்களும் தவறு செய்யவில்லை, ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே எங்கள் ஆறு பேர் பெயரையும் எடுத்துவிடுவார்களாம். உங்கள் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு இது முடிந்தால் போதும். மற்ற ஐந்து பேரையும் வரவழைத்து, மேனேஜரை வைத்துக்கொண்டே கேட்டேன்.

செல்விதான் முதலில் பேசினாள். "அப்ப குழாயில வந்தது இன்னா சார்? சந்தனமா?" என்றாள்.

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். நான் சொன்னேன்: "நாங்க அடைச்சோம் சார். தெரியாம அடைக்கல, தெரிஞ்சிதான் அடைச்சோம். அத கோர்ட்டுல சொல்றோம். நீங்க தெறந்து விட்டீங்க. அத நீங்க வந்து கோர்ட்டுல சொல்லுங்க. ரெண்டையும் கேட்டுட்டு ஜட்ஜு இன்னா குடுத்தாலும் வாங்கிக்கறோம்."

"மறுபடி உள்ள போவ வேண்டி வந்தா?" என்று கேட்டார்.

"வழி தெரியும்" என்றேன்.

பழத்தட்டை எடுத்துக்கொண்டுதான் போனார். தண்டனை வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். குழந்தை பிறக்கும் நேரத்தில் மறுபடி கம்பிவலைக்குப் பின்னால் நிற்க எனக்கு ஆசையா? ஆனால் ஓடை மேல் போட்ட கான்கிரீட்டை இன்னும் எடுக்கவில்லை. நாங்கள் இன்றைக்குச் சமாதானமாகப் போய்விட்டால் நாளைக்கு அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் போடுவார்கள்.

பதினெட்டாம் தேதி திருப்பதிக் கோர்ட்டில் வாய்தா. உங்களைச் சாட்சியாகக் கூப்பிடப்போகிறார்கள். ஸ்ரீதேவிக்கு அன்றைக்குத் துணையாக டெபோரா இருப்பாளாம், பேசிவிட்டேன். புத்தூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் நாங்கள் ஆறு பேரும் ஏறுவோம். உங்களுக்கு ஒரு சீட் பிடித்து வைக்கிறேன். யார் பார்ப்பார்களோ என்று பின் கேட் வழியாக வந்து ரோட்டில் ஒதுங்கி நிற்க வேண்டாம். பெரிய கேட் முன்னால், நடுவில் நில்லுங்கள். டிரைவரிடம் சொல்லி அங்கேயே நிறுத்தச் சொல்கிறேன்.

செங்கம்மா